பழுது பார்க்க வந்ததே பழுதானால்?

சிவகாசியில் மருந்து அறைக்குள் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று வரம்பு உண்டு. கலவை எந்த நேரமும் பற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் போட்ட விதி. (2012-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகும் அதை மீறுகிறவர்கள் இருப்பது தனிக் கொடுமை.)

அந்தப் பயம் வன்தட்டைப் பழுதுபார்க்கும் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஏன் இல்லை? கெட்டுப்போன தட்டைத் திறப்பதுதான் அதன் வேலையே! ஆனால் தட்டில் இருக்கும் நீளத்தையும் எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிடுகிறது. கோப்புறைப் பதிவின் நீளம் பூஜ்யம் என்றிருந்தால்? சோதிக்காத நிரல் அடுத்த பதிவுக்கு நகராமல் அங்கேயே சுற்றும். அளவுக்கு மீறி இருந்தால் நினைவகத்தில் வேறெங்கோ போய் எழுதும். லினக்ஸின் இ2எஃப்எஸ்சிகே-யில் 2019-ல் இப்படி இரண்டு ஓட்டைகள், 2022-ல் இன்னொன்று. வேண்டுமென்றே கெடுத்த தட்டைச் செருகி, சோதிக்க வந்த நிரலையே கைப்பற்ற வழி! "நம்ம சாஃப்ட்வேர் எழுதின தட்டுதானே" என்ற சால்ஜாப்பு இங்கே செல்லாது.

அடுத்தது மின்வெட்டு. ரிப்பேர் பாதியில் நின்றால் தட்டு முன்னைவிட மோசமாகலாம், மறுபடி ஓட்டினாலும் தேறாமல் போகலாம் என்று 2018 ஃபாஸ்ட் மாநாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. இ2எஃப்எஸ்சிகே-யில் அன்டூ வசதி உண்டு, கேட்டால்தான் எழுதும். அதுவும் மின்வெட்டில் கைவிட்டதாம்! காலண்டர் சீசனில், டிசைன்கள் எல்லாம் ஒரே தட்டில் கிடக்கும் ஆஃப்செட் அச்சகக்காரர் எல்லாக் கேள்விக்கும் 'யெஸ்' தட்டுகிறார். முதலில் பிரதி எடுங்கள் என்று அவரிடம் நிரல் ஏன் சொல்வதில்லை?