நாற்பது வெள்ளி பாட்டில் எதைக் கழுவும்?

நிகழ்ச்சியில் கார் பராமரிப்பு பற்றிப் பேசும் நாளில் கைப்பேசி ஓயாது. அதிகம் வரும் கேள்வி இதுதான்: “டாங்கியில் ஊற்றுகிற இன்ஜெக்டர் கிளீனர் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?”

கேட்பவர்களில் பலர் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். இப்போது சிரம்பான் தாமான்களில் குடியிருந்துகொண்டு தினமும் கோலாலம்பூருக்குக் காரில் வேலைக்குப் போகிறார்கள். கார் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் பட்டறையில் “இன்ஜெக்டர் அழுக்கு” என்று சொன்னதும் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

முதலில் அழுக்கு எப்படிச் சேர்கிறது என்று பார்ப்போம். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர்தான் இருந்தது. அதைக் கழற்றி, ஸ்பிரே அடித்துக் கழுவுவது அப்பா காலத்து ஞாயிற்றுக்கிழமை வேலை. 2005-இல் வந்த பெரோடுவா மைவியில் கார்புரேட்டர் இல்லை. மயிரிழை போன்ற துளைகள் வழியாக இன்ஜெக்டர்தான் பெட்ரோலைப் பொடித்தூறலாகத் தெளிக்கிறது. இன்ஜினை அணைத்த பிறகும் சூடு உடனே அடங்காது. இன்ஜெக்டர் நுனியில் தங்கிய ஒரு துளி பெட்ரோல் அந்தச் சூட்டில் வற்றிப் பிசினாகப் படியும். வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கடை, கடையிலிருந்து கோயில் என்று அடிக்கடி நிறுத்தி எடுக்கும் காரில் இது கூடுதலாக நடக்கும். நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக ஓடும் காரில் குறைவு.

ஆக, அழுக்கு சேர்வது பொய்யில்லை. அதைக் கரைக்கும் மருந்தும் பொய்யில்லை. பாலிஈத்தர் அமின், சுருக்கமாகப் பி.இ.ஏ., என்ற வேதிப்பொருள் சூடான இடத்திலும் படிவைக் கரைக்கக்கூடியது. நல்ல பாட்டில்களில் இருப்பது அதுதான். சோப்பு மாதிரிதான்: ஒரு முனை அழுக்கைப் பிடிக்கும், மறுமுனை பெட்ரோலோடு கலந்து இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் அந்தச் சோப்பு ஏற்கெனவே உங்கள் டாங்கியில் இருக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம் இது.

போர்ட்டிக்சன் போகிறவர்கள் அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1960-களில் ஷெல்லும் எஸ்ஸோவும் தொடங்கியவை. இன்று அவை ஹெங்யுவான், பெட்ரோன் நிறுவனங்களிடம் இருக்கின்றன. ஆலையிலிருந்து வரும் அடிப்படை பெட்ரோலில் பெரிய வித்தியாசம் இருக்காது. டாங்கர் லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் கழுவும் மருந்தைக் கலக்கிறது. கால்டெக்ஸ் சொல்லும் டெக்ரோன், பெட்ரோனாஸ் சொல்லும் புரோ-டிரைவ் எல்லாம் அந்த வகைதான்.

இந்த மருந்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் டிரிபிள் ஏ வாகனமோட்டிகள் சங்கம் 2016-இல் ஒரு சோதனை செய்தது. 4,000 மைல் ஓட்டத்துக்கு நிகரான அந்தச் சோதனையில், மருந்து குறைவான பெட்ரோல் மற்றதைவிட 19 மடங்கு அதிகப் படிவை வால்வில் விட்டது. அதாவது மருந்து அவசியம். நல்ல நிலையத்தில் எண்ணெய் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் அதைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். ரோன்97 போட்டால் இன்னும் நன்றாகக் கழுவும் என்பது வேறொரு நம்பிக்கை. 95, 97 என்பது ஒக்டேன் எண். எரிவதற்கு முன் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. கழுவும் மருந்துக்கு அது அளவுகோல் இல்லை.

இனி கணக்கு. பாட்டில் 40 வெள்ளி என்று வைப்போம். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில் மலேசியர்களுக்கு ஒரு லிட்டர் 1.99 வெள்ளி என்று அறிவித்தார்கள். அந்த விலையில் 40 வெள்ளிக்கு 20 லிட்டர் வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 5,000 கிலோமீட்டருக்கு 333 லிட்டர் குடிக்கும். பாட்டில் காசு திரும்பி வர வேண்டுமானால் அதில் 20 லிட்டர், அதாவது 6 விழுக்காடு மிச்சமாக வேண்டும். உடம்பு சரியாக இருக்கும் காரில் அது நடக்காது. எண்ணெயை மிச்சப்படுத்தும் என்று சொல்லப்பட்ட 100-க்கும் மேற்பட்ட பொருள்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க அளவு மிச்சப்படுத்தும் ஒன்றைக்கூடக் காணவில்லை. டயரில் காற்றைச் சரியாக வைப்பதற்குச் செலவே இல்லை. அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

பாட்டில் போய்ச் சேராத இடமும் உண்டு. மைவி, பெஸ்ஸா, சாகா போன்ற கார்களில் இன்ஜெக்டர் வால்வின் முதுகில் தெளிக்கிறது. டாங்கியில் ஊற்றும் மருந்து இன்ஜெக்டரையும் கழுவும், வால்வையும் கழுவும். புரோட்டோன் எக்ஸ்70 போன்ற நேரடித் தெளிப்பு இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே இறங்குகிறது. வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. அங்கே படியும் கரியை எத்தனை பாட்டில் ஊற்றினாலும் கரைக்க முடியாது. அதைப் பட்டறையில்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

டீசல் பிக்கப் வைத்திருக்கும் செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் டீசலில் செம்பனையும் இருக்கிறது. 1982-இலேயே ஆய்வு தொடங்கி, 2019 முதல் பி10, அதாவது 10 விழுக்காடு செம்பனை மெத்தில் எஸ்டர் கலந்த டீசல், சாலைக்கு வந்தது. இந்த எஸ்டரே பழைய அழுக்கைக் கிளப்பிவிடும் குணமுள்ளது. கிளம்பிய அழுக்கு ஃபில்டரில் போய் அடைக்கும். எஸ்டருக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. டிரம்மில் டீசலைச் சேமித்து வைத்து ஊற்றுகிறவர்கள் கிளீனரைத் தேடுவதற்கு முன் ஃபில்டரை மாற்றுங்கள், தண்ணீர் பிரிப்பானைத் திறந்து வடியுங்கள். டீசல் இன்ஜெக்டருக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி.

எனக்குக் கவலை தருவது வீணாகும் 40 வெள்ளி மட்டுமில்லை. நேயர் ஒருவரின் மகள் தினமும் விடிகாலையில் நெடுஞ்சாலையேறுகிறவர். கார் குலுங்குகிறது என்று போனபோது பட்டறையில் கிளீனர் ஊற்றி அனுப்பினார்கள். குலுக்கல் நிற்கவில்லை, இன்னொரு பாட்டில் ஊற்றினார்கள். மூன்றாம் வாரம் நீலாய் அருகே, இருட்டு விலகாத நேரத்தில், கார் இழுவையில்லாமல் ஓரம் கட்டியது. கடைசியில் பழுது, ஒரு சிலிண்டரின் இக்னிஷன் காயிலில். காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, குலுக்கல் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். பாட்டில் காரைக் கெடுக்கவில்லை. உண்மையான பழுதைத் தேடவிடாமல் நாளைக் கடத்திவிட்டது.

ஆகவே பட்டறையில் அந்தப் பேச்சு எழுந்தால் பணிவாக ஒன்று கேளுங்கள்: “இன்ஜெக்டர்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், தவுக்கே?” ஸ்கேன் எடுத்தேன், பிளக் பார்த்தேன், காயில் மாற்றிப் பார்த்தேன் என்று பதில் வந்தால் நம்பலாம். “எல்லாருக்கும் போடுகிறோம்” என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எப்போது வாங்கலாம்? கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது, பெரும்பாலும் குட்டிப் பயணம்தான், பிளக்கும் காற்று ஃபில்டரும் சரி, ஆனாலும் ஐட்லிங்கில் லேசாக நடுங்குகிறது என்றால் ஒரு முறை முயன்று பார்க்கலாம். லேபிளில் பி.இ.ஏ. இருக்கிறதா, கார் கையேடு தடுக்கிறதா என்று பாருங்கள். அளவை மீற வேண்டாம். இன்ஜின் எண்ணெய் மாற்றும் தேதிக்குச் சற்று முன் ஊற்றி, டாங்கியை நிரப்பி, நீண்ட தூரம் ஓட்டுங்கள். தீபாவளிக்கு ஊர் போகும் பயணம் இதற்குப் பொருத்தம். மருந்தில் கொஞ்சம் இன்ஜின் எண்ணெயில் கலந்தாலும், அந்த எண்ணெய் சீக்கிரமே மாறிவிடும்.

ஒரு பாட்டிலில் மாற்றம் தெரியாவிட்டால் இரண்டாவது பாட்டில் வாங்காதீர்கள். அந்தக் காசைப் பழுது கண்டுபிடிக்கும் கூலியாகக் கொடுங்கள்.