கோடு போடும்போதே கேளுங்கள்
மாமல்லபுரம் ஊர்மக்களின் கொள்கைப் பிரகடனம்



நம் ஊரின் எந்தச் சிற்பக்கூடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் நடக்கும் வேலை ஒன்றுதான். கருங்கல்லைக் கிடத்தி, நூல் பிடித்து, காவியால் கோடு போடுவார்கள். பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, "இடுப்பு அரை விரல் ஏறிடுச்சு, அழிப்பா" என்பார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். அதுவரை யாருக்கும் நஷ்டம் இல்லை. உளி விழுந்த பிறகு அதே தவற்றைத் திருத்த வழியில்லை. கல்லையே தள்ளிவைக்க வேண்டியதுதான்.

ஊருக்கும் இதே விதிதான். கோடு போடும் நேரத்தில் ஊரைக் கேட்க வேண்டும். நம்மிடம் இதுவரை காட்டப்பட்டதெல்லாம் உளி விழுந்த கல். அதை மாற்றவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் கண்டது

1984-ல் நம் கோயில்களும் ரதங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்த நாட்களில் சாலைகள் சீரானதையும் சுவர்கள் வண்ணம் பெற்றதையும் பார்த்துப் பெருமைப்பட்டோம். விருந்தாளிக்காக ஒரு மாதத்தில் செய்ய முடிந்ததை, குடியிருப்பவருக்காகவும் செய்ய முடியும் என்பதை அந்த நாட்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தன.

2021-ல் கோயில் அன்னதானப் பந்தியில் இடம் மறுக்கப்பட்ட நரிக்குறவர் பெண் ஒருவர் துணிந்து பேசினார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு நவம்பர் 4, தீபாவளியன்று, முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். அந்தப் பெண்ணின் துணிவை வணங்குகிறோம். ஆனால், காணொளி பரவினால்தான் காது கொடுப்பார்கள் என்றால், பேசத் தெரியாதவர் கதி என்ன? கேட்பதற்கென்று ஓர் இடமும் ஒரு நாளும், பதில் சொல்லியாக வேண்டிய கடமையும் இருக்க வேண்டும்.

கடற்கரையைப் பாருங்கள். நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ல் வந்தது. 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை தொடங்கியது. சென்னையின் தாகம் நியாயமானது. அதே அளவுக்கு, வலை காயவைக்க இடமில்லாமல் நின்று, கரை அரிக்கிறது என்று சொல்லும் மீனவரின் பேச்சும் நியாயமானது. அந்தப் பேச்சு திட்டம் போடும் மேசைக்கு முதல் நாளே போய்ச் சேர வேண்டும்.

எங்கள் உரிமை எங்கிருந்து வருகிறது

ஊரைக் கூட்டி முடிவெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில், முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குடவோலை எடுத்த முறையைச் சொல்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வேலையும் பிரித்தார்கள். ஆனால் அந்தக் குடத்தில் நிலமில்லாதவரின் பெயர் விழவில்லை. பெண்களின் பெயரும் விழவில்லை. நாங்கள் அந்த முறையை எடுத்துக்கொள்கிறோம், குடத்தை எல்லோருக்குமாகப் பெரிதாக்குகிறோம்.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 3 லட்சம் பேரோ அதற்கு மேலோ உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 15,172. சிறிய ஊர் என்பதாலேயே விடுபட்டோம். 2022-ல் தமிழக அரசு வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நம் மாவட்டத்துப் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே உட்கார்ந்து கேட்டார். பேரூராட்சியாக இருந்த நம் ஊர் இப்போது நகராட்சி. வரி உயரும், கட்டடம் உயரும். கூடவே மக்களின் குரலும் உயர வேண்டும்.

நாங்கள் கேட்பது

1. ஊரின் வளர்ச்சித் திட்ட வரைபடம் தமிழில், நம் தெருப்பெயர்களோடு, ஒவ்வொரு வார்டிலும் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்லச் சட்டம் தரும் இரண்டு மாதம் தொடங்குவதற்கு முன்பே வார்டு வாரியாக மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகுதி சபை கூட வேண்டும். விடியலில் கடலுக்குப் போகிறவரும் பகலெல்லாம் கல்லடிக்கிறவரும் வரும்படி மாலையில் கூட வேண்டும். சென்ற கூட்டத்தில் கேட்டது என்னவாயிற்று என்று முதலில் வாசிக்க வேண்டும்.

3. நகராட்சி நிதியில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று வார்டு மக்களே முடிவு செய்ய வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-லும், பக்கத்துக் கேரளம் 1996-ல் மக்கள் திட்டம் மூலமும் இதைச் செய்துகாட்டின.

4. சங்கும் பாசிமணியும் விற்பவர்களை அகற்றும் முன், 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் கேட்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கு உரியது.

5. பாரம்பரியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் கட்டடத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடும் உள்ளன. சின்னங்கள் நம் உயிர், விதியை மதிக்கிறோம். அந்த எல்லைக்குள் ஒழுகும் கூரையை மாற்ற அனுமதி கேட்டு அலையும் குடும்பங்களுக்கு வழிகாட்ட, உள்ளூரிலேயே ஓர் உதவி மேசை வேண்டும்.

6. மாசி மகத்தன்று கன்னியம்மனைக் கும்பிட இருளர் கூடும் கடற்கரை என்றும் திறந்திருக்க வேண்டும்.

நாங்கள் தரும் வாக்கு

எந்தக் கட்சிக் கொடியும் எங்கள் கூட்டத்தில் பறக்காது. குப்பம், காலனி, அக்கிரகாரம் என்று பிரித்து உட்கார மாட்டோம். பெண்கள் பேசி முடிக்காமல் எந்தக் கூட்டமும் கலையாது. குறை மட்டும் சொல்லாமல் அளந்து, எண்ணி, எழுதிக் கொண்டுவருவோம்: எந்தத் தெருவில் எத்தனை விளக்கு எரியவில்லை, எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று. ஊரின் முடிவு எங்கள் விருப்பத்துக்கு மாறாக வந்தாலும் அதை மதிப்போம்.

ஊர்மக்களே, அடுத்த பகுதி சபைக்கு வாருங்கள். உங்கள் தெருவில் மாற வேண்டியது ஒன்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எழுத வராத அண்டை வீட்டாருக்கு நீங்கள் எழுதிக்கொடுத்து, அவரையும் கையோடு அழைத்து வாருங்கள். காவிக் கோடு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.