புகைபோக்கி ஏற்கெனவே இருக்கே, அடுப்பை உள்ளே தள்ளினா போதாதா?

மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கம் பழைய வீடு வாங்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு வரவேற்பறையோடு சேர்ந்தே கிடைக்கிறது ஒரு செங்கல் கணப்பு. போட்டோவுக்கு அழகுதான். முதல் குளிர்காலத்தில் நாலு கட்டையைப் போட்டுக் கொளுத்தினால் உண்மை தெரிந்துவிடும்: முகம் சுடும், முதுகு நடுங்கும். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் தங்கினாலே பெரிது. மீதி புகைபோக்கி வழியாகப் போவதோடு, ஹீட்டர் சூடாக்கி வைத்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இதற்குத் தீர்வாக விற்கப்படுவதுதான் ‘இன்சர்ட்’. கணப்பின் குழிக்குள் அப்படியே பொருந்தும் இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி. நல்ல இன்சர்ட் விறகின் வெப்பத்தில் சுமார் 70 சதவீதத்தை அறைக்குத் தரும். மின்சாரம் போன பனிப்புயல் இரவில் வீட்டைக் காப்பாற்றுவதும் அதுவே. (சூடான காற்றைத் தள்ளும் ஃபேன் அப்போது ஓடாது, ஆனாலும் பெட்டி சுடும்.)

இதுவரை எல்லாம் சரி. சிக்கல் கொட்டேஷன் வந்ததும் ஆரம்பிக்கும். அடுப்புக்கு ஒரு விலை. அதற்குக் கீழே ‘லைனர்’ என்று இன்னொரு பெரிய தொகை. “புகைபோக்கிதான் ஏற்கெனவே இருக்கே, உள்ளே இன்னொரு குழாய் எதுக்கு?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தக் குழாயில் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது நம் கருத்து.

பெரிய புகைபோக்கி நல்லதுதானே?

திறந்த கணப்பில் காற்று தாராளமாகப் போகிறது. அவ்வளவையும் வெளியேற்ற அகலமான வழி வேண்டும். அதற்காகவே பழைய கொத்தனார்கள் பெரிதாகக் கட்டினார்கள். இன்சர்ட் அப்படியில்லை. கதவை மூடி, காற்றைக் குறைத்து, மெதுவாக எரிக்கிறது. வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிடுவதால் அதிலிருந்து வரும் புகையும் கொஞ்சம், அதன் சூடும் குறைவு. அந்தக் கொஞ்சப் புகையை அகலமான செங்கல் கூண்டில் விட்டால் என்ன ஆகும்? சந்தில் வீசும் காற்றின் வேகம் மைதானத்தில் இருக்காது இல்லையா, அதே கதைதான். புகை தளர்ந்து, குளிர்ந்து, சுவரில் படியும்.

அந்தப் படிவின் பெயர் கிரியோசோட். முதலில் கரி மாதிரி இருக்கும், பிறகு தார் மாதிரி ஒட்டும், கடைசியில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். இது எரியக்கூடியது. ஒரு நாள் பலமாக நெருப்பு மூட்டும்போது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். உள்ளே பதித்த சுடுமண் ஓடு வெடிக்கும். விரிசல் வழியாகத் தீ பக்கத்து மரச்சட்டங்களைப் பிடிக்கும்.

இது கற்பனை பயம் இல்லை. 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கர்கள் விறகுக்குத் திரும்பியபோது, ஏராளமான இன்சர்ட்டுகள் குழாயே இல்லாமல் கணப்புக்குள் தள்ளிவைக்கப்பட்டன. இவற்றுக்கு ‘ஸ்லாமர்’ என்றே பட்டப்பெயர் வந்தது. பழைய வீடுகளில் இன்னும் சில உட்கார்ந்திருக்கின்றன. நீங்க வாங்கும் வீட்டில் ‘அடுப்பு ஏற்கெனவே இருக்கு’ என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படணும்.

புகைபோக்கிகளுக்கான அமெரிக்கத் தரவிதியான என்எஃப்பிஏ 211 கணக்கைத் தெளிவாகச் சொல்கிறது. புகை செல்லும் வழியின் பரப்பு, அடுப்பு வாயின் பரப்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. புகைபோக்கியின் சுவர் வீட்டுக்கு வெளியே குளிரில் நின்றால் இரண்டு மடங்குதான். ஆறு அங்குல வட்ட வாய்க்குப் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். 12-க்கு 12 அளவுள்ள கூண்டுக்கு 144. ஐந்து மடங்கு!

ஆகவே, அடுப்பின் வாயிலிருந்து கூரை உச்சி வரை அதே அளவில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறங்க வேண்டும். ஓடு விரிசல் விட்டிருந்தாலோ, சுவர் வெளியே நின்றாலோ குழாயைச் சுற்றி வெப்பம் தாங்கும் போர்வையும் தேவை. நாலைந்து அடி மட்டும் குழாய் மாட்டி, ‘மேலே தானா போயிடும்’ என்று சொல்பவர்களும் உண்டு. குறைந்த கொட்டேஷனின் ரகசியம் பெரும்பாலும் அதுதான்.

கணப்பின் தொண்டைப் பகுதியில் குழாயைச் சுற்றி இரும்புத் தகடு வைத்து அடைக்கும் வேலையையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு புகைபோக்கிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தாளிக்கும்போது கவனம்

நம்ம வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். தாளிக்கும்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஹூட் முழு வேகத்தில் ஓடும். ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடிய வீட்டில் அந்தக் காற்று எங்கிருந்தாவது வரணும். புகைபோக்கியின் இழுவை பலவீனமாக இருந்தால் அங்கிருந்தே புகையைக் கீழே இழுத்துவிடும். ராத்திரி தணல் மட்டும் மிஞ்சும்போது இழுவை இன்னும் குறையும். அதே நேரத்தில் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். நிறமில்லை, மணமில்லை, எல்லாரும் தூக்கத்தில். சரியான அளவுக் குழாய் இழுவையைக் காப்பாற்றும். ஆனாலும் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில், கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தே ஆகணும்.

வீடு வாங்கும்போது நடக்கும் சாதாரண ஹோம் இன்ஸ்பெக்‌ஷனில் புகைபோக்கிக்குள் கேமரா விட மாட்டார்கள். வீடு கைமாறும்போதும் அடுப்பை மாற்றும்போதும் ‘லெவல் 2’ சோதனை வேண்டும் என்கிறது அதே தரவிதி. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைக் கேளுங்க. கணப்பு செங்கல்லா, செங்கல் மாதிரி முகப்பு ஒட்டிய தொழிற்சாலைத் தகரப் பெட்டியா என்பதும் அப்போது தெரிந்துவிடும். தகரப் பெட்டி என்றால், அதில் வைக்க அனுமதியுள்ள இன்சர்ட்தானா என்று முதலில் பார்க்கணும்.

உள்ளூர் பெர்மிட் வாங்காமல் வேலையைத் தொடங்காதீங்க. தீ விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை சோதனையும், தேவைப்பட்டால் சுத்தமும்.

இப்போது அந்தக் கொட்டேஷனை மறுபடி எடுங்க. ‘லைனர்’ என்ற வரிக்கு எதிரே எத்தனை அடி என்று போட்டிருக்கிறது? உங்கள் புகைபோக்கியின் உயரத்தைவிட அது குறைவாக இருந்தால், மீதி அடிகள் எங்கே என்று கேளுங்க.