வீடு வாங்கணும்னா கார்த்திகையில வந்து பாருங்க

சென்னையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க சிலர் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வீடு தேடி வர்றாங்க. வரட்டும், சந்தோஷம்தான். ஆனா சித்திரை, வைகாசியில வந்து பார்த்து முடிவு பண்றாங்க பாருங்க, அதுதான் சரியில்லைங்கிறேன்.

மேட்டூர் அணையை வழக்கமா ஜனவரி 28-ல மூடுனா ஜூன் 12-லதான் திறப்பாங்க. நடுவுல வாய்க்கால் காஞ்சு, வயல் வெடிச்சுக் கிடக்கும். அப்ப எந்த வீட்டுச் சுவரும் யோக்கியமாத்தான் தெரியும். அதே வீட்டை ஐப்பசி, கார்த்திகையில பாருங்க. சுத்தி வயல்ல தண்ணி, மேல அடைமழை. எங்க களிமண்ணு தண்ணியைச் சீக்கிரம் விடாது. அடிமட்டத்துல ஈரம் ஏறாம தடுப்பு சரியா போடலைன்னா, திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் தண்ணியை இழுத்துக்கும். இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்பு பூத்து, பெயிண்ட் பொரிஞ்சு உதிரும். பீரோவுக்குப் பின்னால கறுப்பா பூசணம் படரும்.

விக்கிறவங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? கோடையில பட்டி பார்த்து ரெண்டு கோட்டிங் அடிச்சா மறைஞ்சிடும். பழைய வீட்டுல கீழ மூணடிக்கு மட்டும் புது டைல்ஸ், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட்னு இருந்தா ஏன்னு கேளுங்க. பூட்டிக் கிடக்கிற ரூமைத் திறக்கச் சொல்லி மோந்து பாருங்க. நனைஞ்ச நெல்லு மூட்டை வாடை மாதிரி வந்தா, அதேதான்.

நெல்லுன்னதும் ஞாபகம் வருது. கொள்முதல் நிலையத்துல எங்க நெல்லு ஈரம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க (2022 அக்டோபர்ல மழைக்காக 19 வரைக்கும் விட்டுக்குடுத்தாங்க). ஒரு மூட்டை நெல்லுக்கே மெஷின் வெச்சுப் பார்க்கிறாங்க. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்குற சுவத்துக்கு யாரும் பார்க்கிறதில்லை. சுவத்து ஈரம் பார்க்கிற மீட்டரும் இருக்குங்க.

இது அழகு கெடுற விஷயம் மட்டும் இல்லை. ஓதம், பூசணம் உள்ள வீட்டுல இருக்கிறவங்களுக்கு இழுப்பு, ஆஸ்துமா கூடுதலா வருதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2009-ல சொல்லியிருக்கு. நல்ல காத்துக்காகத்தானே நீங்க இங்க வர்றீங்க?

எங்க பழைய தெருவெல்லாம் மேட்டுல இருக்கும். உசந்த திண்ணை, முற்றம், சுண்ணாம்புப் பூச்சு. ஏறுன ஈரம் காஞ்சிடும். இப்ப பல இடத்துல மனை போடுறது தாழ்ந்த நஞ்சையில. அ-பதிவேட்டை ஆன்லைன்லயே பார்க்கலாம், நஞ்சையா புஞ்சையான்னு தெரிஞ்சிடும். பக்கத்து வயல்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க, மழைக்கு இங்க எத்தனை நாள் தண்ணி நிக்கும்னு. அவருக்கு இதுல கமிஷன் கிடையாது.

ரெரா சட்டத்துல பதிவான புது வீடுன்னா, 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையைச் சொன்னா பில்டர் 30 நாள்ல செலவில்லாம சரி செஞ்சு தரணும். பழைய வீட்டைத் தனி ஆள்கிட்ட வாங்கினா அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால அட்வான்ஸ் குடுத்தாலும், ஒரு மழை பார்த்துட்டுத்தான் கிரையம்னு அக்ரிமெண்ட்லயே எழுதிக்குங்க. கார்த்திகையில ரோடெல்லாம் சேறா இருக்கும், பழைய செருப்பாப் போட்டுட்டு வாங்க.