மாமாவின் பிஸ்கட் டின்

லுக்குட், சிலியாவ், சுவா பெத்தோங் வட்டாரத் தோட்டத்துச் சொந்தங்களுக்கு,

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். சட்டைப் பையில் எப்போதும் தங்க நிற அட்டை ஒன்று இருக்கும். அவருடைய வைத்தியச் செலவை ஆஸ்திரேலிய அரசாங்கம் ஏற்கிறது. அந்த அட்டைக்காக அவர் ஒற்றை ஆளாக அலையவில்லை. முன்னாள் வீரர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பாரத்தை வரி வரியாக நிரப்பிக் கொடுத்தாராம். அதைக் கேட்டதும் மாமா ஞாபகம் வந்துவிட்டது.

மாமாவை உங்களுக்குத் தெரியும். போர்ட்டிக்சன் முகாமில் பயிற்சி எடுத்து, தாய்லாந்து எல்லைக் காட்டில் காவல் இருந்தவர். 1989 டிசம்பரில் ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு சமாதான உடன்படிக்கை ஆகும்வரை அந்தக் காட்டில் கண்ணிவெடி பயம் ஓயவில்லை. ஆனால் மாமாவின் முழங்காலை உடைத்தது கண்ணிவெடி இல்லை, லாரி கவிழ்ந்ததுதான். "சின்ன அடிதானே" என்று அதை எழுத்தில் பதியச் சொல்லாமல் விட்டார். 12 வருடத்தில் ஒப்பந்தம் முடிந்து வந்தார். விடிகாலை பால்மரம் வெட்டப் போகுமுன் லயத்துப் படியில் உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துப் பழைய பட்டாளத்துத் துணியைச் சுற்றிக் கட்டுவார். அந்த முடிச்சு போட அவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

"21 வருஷம் முடிக்கல, பென்ஷன் கிடையாது" என்றது தோட்டம். அது பாதி உண்மை. சாதாரண சிப்பாய்க்குச் சேவைப் பென்ஷன் கிடைக்க 21 வருடம் வேண்டும். ஊனப் பென்ஷனுக்கு அந்தக் கணக்கு இல்லை. பணியால் வந்த காயம் என்று பதிவு இருக்க வேண்டும். ராணுவ மருத்துவ வாரியம் பார்த்து, ஊனம் எத்தனை விழுக்காடு என்று முடிவு செய்யும். அந்தப் பதிவுத் தாள் ஒன்றுதான் மாமாவிடம் இல்லை.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். பால்மரக் காட்டில் ஒருவர் வழுக்கி விழுந்தால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோவுக்கு எழுதச் சொல்லித் தோட்டக் கிராணியை விடமாட்டோம். அந்த 1969 சட்டம் நமக்கு அவ்வளவு பழக்கம். பட்டாளத்துப் பிள்ளைக்கு மட்டும் யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது பட்டாளத்தில் இருக்கும் தம்பிகளே, சுளுக்கானாலும் பதியச் சொல்லுங்கள், நகல் வாங்கி வையுங்கள். ஊனத்தால் விலக நேர்ந்தால், ராணுவச் சேமிப்பான எல்.தி.ஏ.தி.யில் ஊன நிதி இருக்கிறது, அதையும் கேளுங்கள். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் ஒதுங்க வேண்டாம். 2012 வெத்தரன் (முன்னாள் வீரர்) சட்டத்தில் நீங்களும் வெத்தரன்தான். தற்காப்பு அமைச்சின் வெத்தரன் விவகாரத் துறையில் வசதியற்றவர்களுக்கு வாழ்க்கைச் செலவு உதவியும் மருத்துவ உதவியும் உண்டு. மலாய் பாரம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், கோயில் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் பென்ஷன் இல்லாத அந்தப் பெரியவர்களோடு உட்காருங்கள்.

லயங்களை இடித்துத் தாமானுக்கு மாறியபோது எத்தனை பட்டாளத்து விடுவிப்புச் சான்றிதழ்கள் குப்பைக்குப் போயினவோ!

அத்தை, மாமா பழைய காகிதங்களைப் போட்டு வைத்த பிஸ்கட் டின் இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறதா? டிசம்பரில் வருகிறேன். அதுவரை அதிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை