சர்டிபிகேட் மட்டும் போதுமா?

வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குத் திறன் பயிற்சி அளிப்பதாக மத்திய சர்க்கார் பெருமைப்பட்டுக் கொள்கிறது. பிரதம மந்திரி திறன் வளர்ப்புத் திட்டம் 2015-ல் துவங்கியது. பாடத்திட்டமும் தகுதித் தரமும் வகுக்க, வீட்டுவேலைக்கென்றே ஒரு திறன் கவுன்சிலும் ஏற்படுத்தப்பட்டது.

பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. மின்சாரக் கருவிகளைக் கையாளவும், கைக்குழந்தையையும் படுக்கையில் கிடக்கும் முதியவரையும் பராமரிக்கவும் தேர்ச்சி வேண்டும். வீட்டுவேலையை ஒரு தொழிலாக சர்க்காரே ஒப்புக்கொள்வதும் நல்லதே. ஆனால் தரம் என்பது வேலைக்காரிக்கு மட்டும்தானா? வேலை வாங்குபவருக்குத் தரம் கிடையாதா? இத்தனை மணி நேர வேலை, இவ்வளவு கூலி, வாரத்தில் ஒருநாள் ஓய்வு, பிரசவ காலப் பாதுகாப்பு என்று எந்தப் பாடத்திட்டம் எஜமானருக்குப் போதிக்கிறது? சர்டிபிகேட் பெற்றவருக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறது?

இது புதிய அனுபவமல்ல. 1946-ல் பிரிட்டனின் தொழிற்கட்சி சர்க்கார் பொதுப்பணத்தில் வீட்டுப் பணியாளர் தேசிய நிறுவனத்தை அமைத்துப் பயிற்சியும் சர்டிபிகேட்டும் அளித்தது. ஆயினும் ஆலைகளிலும் ஆபீசுகளிலும் நேரக் கணக்கும் சங்கமும் இருக்க, அடுத்தவர் அடுப்பங்கரைக்குத் திரும்பப் பெண்கள் விரும்பவில்லை. மாறாக, உருகுவே நாடு 2006-ல் சட்டம் இயற்றி, எட்டு மணி நேர வேலையை வீட்டுப் பணியாளருக்கும் உரிமையாக்கியது. 2008-ல் அவர்களது கூலி, சங்கமும் எஜமானர் தரப்பும் சர்க்காரும் அமர்ந்து பேசும் பேச்சுவார்த்தை மேடைக்கு வந்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 189-வது உடன்பாட்டை முதலில் ஏற்றதும் அந்நாடே.

2011-ல் அந்த உடன்பாட்டுக்கு ஜெனீவாவில் கைதூக்கிய இந்திய சர்க்கார், அதை இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. சட்டப் பாதுகாப்பு பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 2007-ல் நலவாரியம் வந்தது. 2018-ல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயமாயிற்று. அதுவும் மணிக்கு 37 ரூபாய்! அந்த அற்பத் தொகையையும் வீட்டுக் கதவைத் தட்டி உறுதிசெய்ய ஆளில்லை.

"நடுத்தரக் குடும்பம் இதையெல்லாம் எப்படித் தாங்கும்?" என்று கேட்கிறார்கள். பஞ்சப்படிக்கும் போனசுக்கும் போராடிய குமாஸ்தாவும் ஆசிரியரும், விலைவாசி தங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணையும் வாட்டுகிறது என்பதை மறக்கலாமா? நமது ஆதரவாளர்களின் வீடுகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். சங்க மேடையில் ஒரு நியாயம், சமையலறையில் ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

எனவே, 189-வது உடன்பாட்டை உடனே ஊர்ஜிதம் செய்க, தனிச்சட்டம் இயற்றுக, பயிற்சி நாட்களுக்குக் கூலி கொடுத்து, சர்டிபிகேட்டுக்கு ஏற்ற கூலி விகிதம் நிர்ணயிக்குக, தரம் வகுக்கும் குழுக்களில் வீட்டுப் பணியாளர் சங்கங்களுக்கு இடம் அளித்திடுக என்று வற்புறுத்துகிறோம். வீட்டுக்கொருவராகச் சிதறிக் கிடக்கும் இப்பெண்களை ஒன்றுதிரட்டுவது தொழிற்சங்கங்களின் கடமை. அவர்களுக்குத் தோள்கொடுப்பது, அவர்களது உழைப்பால் காலையில் நேரத்தோடு வேலைக்குப் புறப்படும் ஒவ்வொரு ஊழியரின் கடமையுமாகும்.