இடம் காட்டும் முன்

"நிதி வந்திருக்கிறது, உடனே இடம் காட்டுங்கள்." பேரூராட்சி அலுவலகத்தில் பணியாற்றிய எவருக்கும் இந்தத் தொலைபேசி அழைப்பு பழக்கமானது. சட்டமன்ற உறுப்பினர் நிதியோ நாடாளுமன்ற உறுப்பினர் நிதியோ ஒதுக்கீடானதும் திட்ட மதிப்பீடு அனுப்பச் சில நாள்களே கிடைக்கும். இளநிலைப் பொறியாளர் கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக்கொண்டு புறம்போக்கு தேடிப் புறப்படுவார். காலியாகக் கிடக்கும் புல எண் ஒன்று அகப்படும். மன்றத்தில் தீர்மானம் நிறைவேறும், சமுதாயக் கூடமும் எழுந்துவிடும். ஊருக்கு அது தேவையா, அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்ற கேள்விகளைக் கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

அப்படி எழுந்த கூடம் ஒன்றைச் சென்ற ஆண்டு பார்த்தேன். ஊர் எல்லையைத் தாண்டி, சுடுகாட்டுப் பாதையில் இருந்தது. சாவி துப்புரவு மேற்பார்வையாளர் வீட்டில் இருந்ததால் அவர் வரும்வரை வாசலில் நின்றோம். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், உடைந்த தள்ளுவண்டிகள் இரண்டு, சுவரோரம் அடுக்கிய பழைய நாற்காலிகள். சமையற்கட்டில் குழாய் இருந்தது, தண்ணீர் இணைப்பு இல்லை. எப்போதோ நடந்த வளைகாப்பு ஒன்றுக்கு ஒட்டிய காகிதத் தோரணத்தின் பசைத் தடம் மேடைச் சுவரில் மிச்சமிருந்தது. "அதுக்கப்புறம் யாரும் கேட்டு வரலைங்க. ராத்திரியில பொம்பளைங்க இந்தப் பக்கம் எப்படி வருவாங்க?" என்றார் அவர். சுவரில் விரிசல் இல்லை, தளம் ஒழுகவில்லை. பொறியாளர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். தவறியது இடம். இடத்தில் நேர்ந்த தவறை எந்தப் பராமரிப்பு நிதியாலும் சரிசெய்ய முடியாது.

முதலில் தேவையைப் பார்ப்போம். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகர வளர்ச்சித் திட்ட வழிகாட்டு நெறிமுறைகள், 5,000 பேருக்கு 750 சதுர மீட்டர் நிலத்தில் ஒரு சமுதாய அறையும், 15,000 பேருக்கு 2,000 சதுர மீட்டரில் நூலகத்தோடு கூடிய ஒரு சமுதாயக் கூடமும் வேண்டும் என்கின்றன. கணக்கைத் தொடங்க இந்த அளவு உதவும். முடிவெடுக்க இது மட்டும் போதாது. ஊரில் ஏற்கெனவே இருக்கும் கூரைகளை எண்ணுங்கள்: பள்ளிக்கூட அரங்கு, மகளிர் சுயஉதவிக் குழுக் கட்டடம், கோயில் மண்டபம், தனியார் கல்யாண மண்டபங்கள். இவற்றில் எது யாருக்குத் திறக்கிறது, எது யாருக்குத் திறப்பதில்லை, வாடகை என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். உள்ள கட்டடத்துக்குக் கழிவறையும் சாய்தளமும் சேர்த்தால் போதும் என்று அந்தத் தாளே சொல்லக்கூடும். அப்படியானால் புதிதாகக் கட்ட வேண்டாம் என்று மன்றத்தில் எழுந்து சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

அடுத்து நாள்காட்டியை எடுத்து வையுங்கள். நம் கூடங்கள் பெரும்பாலும் கல்யாணத்தை மனத்தில் வைத்து வரையப்படுகின்றன: ஒரு மேடை, ஒரு பெரிய ஹால், பின்னால் சமையற்கட்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியிலும் பலர் கல்யாணம் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாள்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவையே. மீதி நாள்களில் அங்கே என்ன நடக்கும்? குழுக் கூட்டம், தடுப்பூசி முகாம், மாலையில் பிள்ளைகளின் படிப்பு, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு மேசை, முதியோருக்கு நிழலும் நாளிதழும். இவற்றுக்குத் தெருப் பக்கம் திறக்கும் ஒரு சிறிய அறையும் அகலமான திண்ணையும் போதும். பெரிய ஹால் பூட்டியிருக்கும் நாளிலும் திண்ணை திறந்திருக்கும்.

இனி இடம். இங்கேதான் நாம் மனம்விட்டுப் பேசத் தயங்குகிறோம். ஊர்த்தெருவுக்குள் கட்டினால் காலனி மக்கள் உரிமையோடு வந்து தாலி கட்ட முடிவதில்லை. காலனிக்குள் கட்டினால் மற்றவர்கள் அதைக் "காலனி மண்டபம்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் கட்டிப் பிரச்சினையைத் தீர்த்ததாக நினைப்பது, பிரிவினைக்கு அரசு செலவில் சுவர் எழுப்புவதற்குச் சமம். 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டபோது, பல சாதியினருக்கும் ஒதுக்கிய 100 வீடுகளுக்கு இடையில் எல்லோருக்கும் பொதுவான வசதிகள் வைக்கப்பட்டன. அந்தத் திட்டம் பிற்பாடு எப்படி நடந்தது என்பது தனிப் பேச்சு. ஆனால் கட்டடம் நிற்கும் இடமே ஒரு சமூக முடிவு என்பதை அது வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், வாரச்சந்தை என்று எல்லாத் தெருவினரும் ஏற்கெனவே நடந்துவரும் பாதையில் கூடம் அமையட்டும். யாருடைய அனுமதியும் கேளாமல் எவரும் உள்ளே வரக்கூடிய இடமே சமுதாயக் கூடத்துக்கு உரிய இடம்.

எளிதில் கிடைக்கிறதே என்று எடுக்கக்கூடாத நிலங்களும் உண்டு. குளம், ஏரி, வாய்க்கால் புறம்போக்கைத் தொடவே கூடாது. நீர்நிலைகளையும் பொது நிலங்களையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஏரிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலமும் அப்படித்தான். பெங்களூரில் பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. நல்ல நோக்கம் என்பதற்காகப் பூங்காவை விழுங்கலாகாது. இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2018 நவம்பரில் கஜா புயலிலும் மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும்தான் தஞ்சம் புகுந்தார்கள். மழைநீர் தேங்கும் பள்ளத்தில் கட்டிய கூடம் அப்படியொரு இரவில் யாருக்கும் உதவாது.

கடைசியாகப் பராமரிப்பு. கட்டுவதற்கு நிதி தருகிற திட்டங்கள், விளக்கு எரிவதற்கும் வாசல் பெருக்குவதற்கும் தருவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் தினசரிப் பராமரிப்புச் செலவுக்கு இடமே கிடையாது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் எழுந்தது. அவற்றில் பல பின்னாளில் பூட்டிக் கிடந்ததை இந்த இதழை வாசிக்கும் பலரும் நேரில் கண்டிருப்பீர்கள். கட்டடம் ஒருமுறை வேலை. கதவைத் திறப்பது தினசரி வேலை. யார் திறப்பார், அவருக்கு ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து, வாடகை எவ்வளவு, ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு சலுகை என்பனவெல்லாம் திட்ட மதிப்பீட்டோடு அதே தீர்மானத்தில் இடம்பெற வேண்டும். வருமானம் கிடைக்கிறது என்று கூடத்தை ஏலத்தில் குத்தகைக்கு விட்டால் அது இன்னொரு தனியார் மண்டபமாகிவிடும்.

ஆகவே செயல் அலுவலர்களிடமும் பொறியாளர்களிடமும் மன்ற உறுப்பினர்களிடமும் இந்த இதழ் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறது. நிதி வருவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்து வையுங்கள். ஊர் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மாலை நடந்து பாருங்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் இருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், காலனியிலிருந்து ஒருவர், கல்லூரிப் பிள்ளை ஒருவர் உடன் வரட்டும். இருட்டிய பிறகு அவர்கள் எந்த மூலையில் தயங்குகிறார்கள், எங்கே இயல்பாக நிற்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைக் கிராமசபையிலோ பகுதி சபையிலோ வாசித்துக் காட்டி, மக்கள் ஒப்பிய இடத்தைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். கட்ட வேண்டாம் என்று சபை சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

அடுத்த முறை "இடம் காட்டுங்கள்" என்று தொலைபேசி ஒலிக்கும்போது, ஊர் தேர்ந்த இடம் உங்கள் கோப்பில் தயாராக இருக்கட்டும்.